இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்றேன்

இன்னாங்க,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக உங்களை நான் கூப்பிட்டது ‘இன்னாங்க’ என்றுதான். சந்தைக் கூட்டத்தில் நின்று கூப்பிட்டாலும் நீங்கள் மட்டும் சரியாகத் திரும்பிப் பார்ப்பீர்கள். அதனால் அதுவே இருக்கட்டும்.

நீங்கள் போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வெள்ளிக்கிழமை வீடு மெழுகுகிறேன். கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன், இது பொய் இல்லை. அங்கன்வாடியில் இருபத்தைந்து வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய கை இது. இருப்பதை இருப்பதாக எழுதத்தான் அதற்குத் தெரியும். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்: நான் இன்னும் அழவில்லை. உங்கள் அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுடு, அழுதுடு என்றார். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மரப்பு ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினால் கன்னம் நம்முடையது இல்லாதது போல் இருக்குமே, உடம்பு மொத்தமும் அப்படி இருக்கிறது.

நம் ஊர் வடக்கனந்தலில் உங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்து வைத்தவர். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்தத் தூக்கத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் இருந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அரசு பஸ் டிரைவர். பதினெட்டு வருஷம் கல்வராயன் மலை ரூட். கள்ளக்குறிச்சியில் சாயங்காலம் எடுக்கிற வண்டி, மலைமேல் கடைசி ஊரில் போய் நிற்கும். நீங்களும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டு, விடிந்ததும் முதல் டிரிப்பாக ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவீர்கள். நைட் ஹால்ட் என்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் அப்படி. நம் வீட்டுக் கொல்லையில் நின்றாலே அந்த மலை தெரியும். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதில் ஏறியதில்லை. நீங்கள் கூப்பிடாமல் இல்லை. நான்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொன்னதே கிடையாது. சங்கீதாவுக்கு ஐந்து வயதில் ஜுரம் ஏறி வலிப்பு வந்ததே, அன்றைக்கு உங்களுக்கு நைட் ஹால்ட். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீங்கள் மறுநாள் காலையில் மலைத்தேன் ஒரு பாட்டிலோடு சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மலை எனக்கு ஒரு சக்களத்தி மாதிரி.

சங்கீதா வளர்ந்தாள், படித்தாள், மாப்பிள்ளையோடு அமெரிக்கா போனாள். நீங்கள் ரிட்டையர் ஆன வருஷம் அவர்கள் ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அப்பலாச்சியன் மலைக்குப் போனார்கள். ஆர்.வி. என்றாள். போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து நடந்து காட்டினாள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளிக்க ஓர் இடம். வெளியே மரம் மரமாக நீல மலை. பேரன் வண்டி வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தீர்கள்.

“இத தான நான் பதினெட்டு வருசமா பண்ணிக்கினு இருந்தேன்? இன்னா, நம்ம வண்டில ஃப்ரிட்ஜ் கெடையாது” என்றீர்கள். சங்கீதா அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதோடு போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. தினமும் போனில் அந்த ஊர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே வைக்கிறார்கள், மேடான இடத்தில் சக்கரத்துக்கு அடியில் எதை முட்டுக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். பிறகு ஒருநாள் தியாகதுருகத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினீர்கள். மஞ்சள் வேன். சீட்டையெல்லாம் கழற்றி, ஆசாரியை வைத்துப் பலகைக் கட்டில் போட்டீர்கள். அடுப்புக்கு மேடை, கூரைமேல் குழாய் வைத்த தண்ணீர் டிரம். ஜன்னலுக்கு என் பழைய புடவையைக் கேட்டீர்கள். கொடுத்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கக்கூஸ் எங்க?”

நீங்கள் அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். மலையில் நீங்கள் பஸ் நிறுத்துகிற ஊரில் வெள்ளையன் இருந்தார். மரவள்ளியும் சாமையும் போடுகிறவர், சரக்கு ஏற்ற ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருந்தார். அவர் பயிர் வைக்கிற கொல்லையை ஒட்டி வேனை நிறுத்திக்கொள்ளலாம், அவர் வீட்டுக் கக்கூஸைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தீர்கள். அதற்குமேல் மறுக்க எனக்குக் காரணம் இல்லாமல் போனது.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை கிளம்பினோம். தோசை மாவு, புளிக்குழம்பு, இரண்டு கம்பளி, என் மாத்திரைப் பை. கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை. இங்கேதான் பிரேக் சூடாகி நிறுத்தினேன், இங்கேதான் ஒரு பொம்பளைக்குப் பஸ்ஸிலேயே பிரசவம் ஆனது. நான் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கும் உம் கொட்டவில்லை.

முதல் நாள் முழுக்கக் குறைதான் சொன்னேன். குளிர் ஜாஸ்தி. தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. கட்டில் பலகை முதுகில் குத்துகிறது. பொன்னி, அதுதான் வெள்ளையன் மனைவி, சுடச்சுடச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் உப்புக் கம்மி என்று உங்களிடம் முணுமுணுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட வேண்டும் என்றேன். நீங்கள் சரி சரி என்றீர்கள். உங்கள் முகம் சின்னதாகப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் நான் சொல்ல வந்தது.

நீங்கள் வேன் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டீர்கள். டீ போட்டு எடுத்துவந்து என் கையில் கொடுத்தீர்கள். எதிரே சாமை அறுத்த கொல்லை, அதற்குக் கீழே பள்ளம். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் மரங்களை மறைத்தது, பிறகு வெள்ளையன் வீட்டுக் கூரையை, பிறகு நம் வேனின் முன்சக்கரத்தை. உங்கள் முகம் மட்டும் பக்கத்தில் தெரிந்தது. ஆடு ஒன்று எங்கிருந்தோ கத்தியது. முப்பது வருஷமாகக் கொல்லையில் நின்று நான் வெறித்துப் பார்த்த மலைக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“இன்னும் ஒரு நாள் இருக்கலாமா?” என்றேன்.

“இன்னா சொன்ன?”

“நாளைக்கி இருந்துட்டு நாளன்னிக்கி எறங்கலாம்.”

நீங்கள் இடது கையை வலது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தீர்கள். கை வலிக்கிறதா என்று கேட்டேன். தண்ணீர் டிரம்மைத் தூக்கினது பிடிச்சுக்கினு இருக்கு என்றீர்கள். பிறகு, “இருக்கலாம். உனக்கு வேணும்ன்ற வரைக்கும் இருக்கலாம்” என்றீர்கள்.

வெள்ளையனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தீர்கள். ஒரு தோசைதான் சாப்பிட்டீர்கள். தோளிலிருந்து முழங்கைவரை தைலம் தேய்த்துவிட்டேன். சுகமாக இருக்கிறது என்றீர்கள். நான் நம்பினேன். எனக்கு முன்னால் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் தூங்கினேன்.

விடிந்து நான் எழுந்தபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். கம்பளி காதுவரை இருந்தது. எழுப்ப வேண்டாம் என்று அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். வேன் கதவைத் திறந்துவைத்தேன். வெயில் கொல்லைமேல் விழுந்து ஆவி பறந்தது. எனக்குப் பேச வேண்டும்போல இருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, நான் காலையில் பேசுகிறவள் இல்லை.

அன்று பேசினேன். சங்கீதா வரும்போது அவளையும் பேரனையும் இங்கே கூட்டிவரலாம் என்றேன். ஜன்னலுக்குக் கெட்டித் துணி போடலாம், புடவை குளிர் தாங்கவில்லை என்றேன். அப்புறம், முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவது சுலபமாக இருந்ததாலோ என்னவோ, வலிப்பு வந்த நாளைச் சொன்னேன். தேன் பாட்டிலைச் சொன்னேன். இத்தனை வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மலைக்கு வராமல் இருந்தேன் என்றேன். “இப்ப ஒன்னும் இல்லங்க. போயிடுச்சு” என்றேன். டீயை வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றினேன். இன்னாங்க, டீ ஆறுது என்றேன். இன்னாங்க என்றேன். மறுபடியும் கூப்பிட்டுவிட்டுக் காலைத் தொட்டேன்.

அரை மணி நேரம் பேசியிருப்பேன். அதில் ஏதாவது உங்கள் காதில் விழுந்ததா?

நான் கத்தவில்லை. அடுப்பை அணைத்தேன். இரண்டு டம்ளர் டீயையும் வெளியே கொட்டினேன். பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். ஏன் கழுவினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு வெள்ளையன் வீட்டுக்கு நடந்துபோய், அவர் எழுந்திருக்க மாட்டேங்கிறார், வந்து பாருங்க என்றேன். வெள்ளையன் வந்தார். உங்கள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற எனக்கு இஷ்டமில்லை. நான் சொல்லாமலே வெள்ளையன் வேன் சாவியை எடுத்தார். பொன்னி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வளைவுகளில் நீங்கள் உருளாமல் இருக்க நாங்கள் இருவரும் உங்களைப் பிடித்துக்கொண்டோம். கரியாலூர் வந்ததும் டவர் கிடைத்தது. என் போன் அடித்தது. சங்கீதா. அங்கே படுக்கப்போகிற நேரம்.

“மல எப்டிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அப்பா எங்க?”

“படுத்துக்கினு இருக்காரு.”

“சரி, எழுப்பாத. தூங்கட்டும்” என்று வைத்துவிட்டாள்.

வெள்ளையன் டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பொன்னி அழ ஆரம்பித்தாள். கச்சிராயபாளையம் வந்த பிறகு நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். சங்கீதா கத்தியது போனில் கேட்டது. மாரடைப்பு, விடியற்காலையில் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதன்பிறகு நம் வீட்டு வாசலில் அந்த மஞ்சள் வேன் நின்றது. பந்தல்காரர்கள் அதை ஓரம் கட்டச் சொன்னார்கள். நகர்த்த ஆள் தேடினோம்.

சங்கீதா வரும்வரை உங்களை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தாள், விழுந்தாள், அழுதாள். எல்லாம் முடிந்து அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் என் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு நெஞ்சு வலி, கை வலி ஏதாவது இருந்ததா? கீழே கூட்டி வந்திருக்கலாமா? யோசித்துச் சொல்லும்மா என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தார் என்றேன். தைலப் புட்டியை அதற்கு முன்பே எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் பார்க்க என்ன இருந்திருக்கும்?

அவள் போன பிறகு வேனை விற்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாசியில் விற்றேன். கள்ளக்குறிச்சியில் டிபன் கடை போட ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன். அப்புறம் ஒருநாள் பென்ஷன் வேலையாகக் கள்ளக்குறிச்சி போனபோது அந்த வேன் ரோட்டோரம் நின்றது. உங்கள் பலகைக் கட்டில் இருந்த இடத்தில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பசித்தது. நான்கு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வைகாசியில் வெள்ளையன் வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். திண்டிவனம் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு வருகிற வழி என்றார். சாப்பாடு போட்டேன். பாதி சாப்பாட்டில் கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். சொல்லாம எனக்குத் தூக்கம் இல்ல” என்றார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் அவர் வீட்டுக்குப் போனது இன்னும் ஒரு நாள் தங்குகிறோம் என்று சொல்ல மட்டும் இல்லையாம். நெஞ்சு ஒரு மாதிரி இழுக்கிறது, மத்தியானத்திலிருந்தே இருக்கிறது, காலையில் ஆஸ்பத்திரி போகவேண்டி வரலாம், பிக்கப்பில் டீசல் போட்டு வை என்றீர்களாம். இப்போதே போகலாம் என்று அவர் சாவியை எடுத்திருக்கிறார். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம்.

“‘இப்ப வேணாம் வெள்ளையா. அவ இன்னிக்கிதான் வாயத் தொறந்து இருக்கலாம்னு சொல்லிக்கீறா. இத்தினி வருசத்துல மொத தடவ. இப்ப நெஞ்சு வலின்னு சொன்னா, இனிமே மல பக்கமே வரமாட்டா. காலையில பாத்துக்கலாம்’னாரு அண்ணன். நான் உங்ககிட்ட வந்து சொல்லி இருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன்.”

அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் மோர் ஊற்றினேன். நானும் கை வலி என்று தெரிந்து தைலம்தான் தேய்த்தேன், அதை என் மகளிடம்கூடச் சொல்லவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர்மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. பிறகு அவர் மீதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். நெஞ்சு வலியை என்னிடம் மறைத்தது என்மேல் இருந்த பிரியத்தினாலா, இல்லை என்னைப் பார்த்த பயத்தினாலா? ஒரு நாள் சந்தோஷமாக இருக்கிறாள், அதைக் கெடுத்தால் மறுபடி முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தீர்களா? நான் அவ்வளவு மோசமாகவா இருந்தேன்? பலாப்பழம் பழுத்து வீடு முழுக்க மணம் அடித்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சங்கீதாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கை வலி, தைலம், நான் இருக்கலாம் என்றது, நீங்கள் வெள்ளையனிடம் சொன்னது. ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் முழுதும் கேட்டாள். பிறகு, “அப்பா உங்கிட்ட மறைச்சாரு. நீ எங்கிட்ட மறைச்ச. நல்லா இருக்குதும்மா உங்க குடும்பம்” என்று வைத்துவிட்டாள். உங்க குடும்பம் என்றாள். நம்ம குடும்பம் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் பேசவில்லை. ஆனி முழுக்க மாப்பிள்ளைதான் பேசினார். அவள் குளிக்கிறாள், ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாள் என்று சொல்வார். நானும் சரி என்பேன். தைலப் புட்டியை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரியில் எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன். அந்த நாட்களில் நான் செய்தது அது ஒன்றுதான்.

ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம், மூன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. சங்கீதா வெளியில் எங்கோ நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பின்னால் புகை மாதிரி வெண்மையாக ஏதோ. அப்பலாச்சியன் மலைக்கு வந்திருக்கிறோம் என்றாள். நீங்கள் இருக்கும்போதே இந்த வருஷத்துக்கு ஆர்.வி. புக் பண்ணி வைத்திருந்தார்களாம். அவளுக்கு வர விருப்பமில்லை, மாப்பிள்ளை பிள்ளைக்காகவாவது போகலாம் என்று கூட்டிவந்திருக்கிறார். வண்டி நிற்கிற இடத்தில் டவர் இல்லை, மேட்டில் இருக்கிற கேம்ப் ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்து பேசுகிறேன் என்றாள். அங்கே அப்போதுதான் விடிகிறது.

மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

“தூங்கிக்கினு இருக்காரு. பையனும்தான்” என்றாள். அமெரிக்கா போனதிலிருந்து அவள் பேச்சே மாறிவிட்டது. அன்றைக்கு நம் ஊர்ப் பேச்சு வந்தது. “எழுந்ததும் ரெண்டு பேர் மூக்குலயும் வெரல வச்சுப் பாத்தேன்மா. மூச்சு வருதான்னு. தெனமும் பாக்கறேன். அவருக்குத் தெரியாது.”

நானும் எதிர்வீட்டுக் குழந்தை நம் வீட்டில் தூங்கினால் அப்படித்தான் பார்க்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் பின்னால் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

“அம்மா, ஒன்னு கேக்கறேன். நெஜத்த சொல்லு. உனுக்கு எங்கனா வலிக்குதா?”

வலது முட்டி என்றேன். எவ்வளவு நாளாக என்றாள். சித்திரையிலிருந்து என்றேன். வேறு? பின்கழுத்து, ஜாஸ்தி இல்லை, துணி துவைத்தால் மட்டும். வேறு? நெஞ்சில் ஏதாவது? நெஞ்சில் வலி இல்லை, எதுவுமே இல்லை, அதுதான் எனக்கு என்ன என்று தெரியவில்லை என்றேன். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தாம்மா என்றாள்.

இப்போது தினமும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்கிறாள். முட்டிக்குக் கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்க்க வைத்தாள். ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் எடுக்க வைத்தாள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு என்றாள். அப்படியே சொன்னேன். நேற்று நான் அவளைக் கேட்டேன், உனக்கு எங்கே வலிக்கிறது என்று. இத்தனை நாள் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் நிறையச் சொன்னாள்.

உங்களுக்கு அவள்மேல் கவலை இருந்தால் விட்டுவிடுங்கள். அவள் என்னோடு பேசுகிறாள்.

என்னைப் பற்றி எழுத அதிகமாக இல்லை. அழுகை இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று இருக்கிறேன். உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தட்டிப் பார்க்கிறேன். கோபம்கூட இருந்தால் தேவலை. ஒருநாள் வரும். அன்றைக்கு உட்கார்ந்து உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதுவேன், அது உங்களுக்கு மட்டும், மற்றவர்கள் படிக்க இல்லை.

ஒரு வார்த்தை மட்டும் கொடுக்கிறேன். என் உடம்பில் எது நடந்தாலும், ராத்திரியோ பகலோ, அவள் வேலையில் இருந்தாலும் மலையில் இருந்தாலும், யார் சந்தோஷம் கெட்டாலும், நான் வாயைத் திறந்து சொல்வேன். நீங்கள் செய்ததை நம் பெண்ணுக்கு நான் செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம்,
சங்கீதாவின் அம்மா,
மல்லிகா